உண்டியலில் போட்ட மாத்திரைகள்

எண்பதுகளின் தொடக்கம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்குத் தூக்கமும் பசியும் போய்விட்டன. வில்லியனூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த டாக்டர், மனச்சோர்வு என்று சொல்லி தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பலன் தெரியச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். எனக்கோ அதைப் போட்டால் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. ஊரில் பைத்தியம் என்பார்களே என்ற பயம் வேறு.

அப்போதுதான் தவக்காலம் தொடங்கியது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் எங்கள் கத்தோலிக்க வீடுகளில் ஆளுக்கொரு பிடித்த பொருளை விட்டு ஒறுத்தல் செய்வோம். மிச்சமாகும் காசை மண் உண்டியலில் போட்டுக் கோயிலுக்குக் கொடுப்போம். கணவர் பீடியை விட்டார். நான் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை விட்டு, தினம் ஒன்றாக அதே உண்டியலில் போட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம், கரும்பு வெட்டிவிட்டு வந்த கணவர் பீடிக் காசைப் போட எடுத்தபோது உண்டியல் கைதவறி உடைந்தது. காசோடு மாத்திரைகளும் சிதறின. அவர் முகம் வெளிறிவிட்டது.

“இன்னாடி இது? எதுக்குடி இத்தினியும் சேத்து வச்ச?”

அவர் எதை நினைத்துப் பயந்தார் என்று புரிந்ததும் அவசரமாகச் சொன்னேன்.

“அதுக்கில்லீங்க. நீங்க பீடிய வுட்ட மாதிரி நான் இத வுட்டேன்.”

சிதறிய மாத்திரைகளைப் பொறுக்கிக்கொண்டே அவர் கேட்டார்: “பீடி எனக்குப் புடிக்கும், வுட்டேன். இந்த மாத்திர உனக்குப் புடிக்குமா?”

“புடிக்காது.”

“அப்ப அத முழுங்கறதுதான்டி ஒறுத்தல்.”

மறுநாளே டாக்டரிடம் உண்மையைச் சொல்லி மறுபடி ஆரம்பித்தேன். மெல்ல மெல்லத் தேறினேன். ஆனாலும் ஒன்று இன்றும் உறுத்துகிறது. எனக்கு வேண்டாததை ஆண்டவர் தலையில் கட்டிவிட்டு, அதற்குப் பக்தி என்று பேர் வைத்திருந்தேன்.