சவரிநாதன் போட்ட திருவுளச் சீட்டு

எழுபத்திரண்டில் ராயபுரத்தின் அந்தத் தெருவுக்கே வேதியியல் படித்த பெண் ஃப்ளோரன்ஸ் ஒருத்திதான். அதனால் அவள் என்ன வேலைக்குப் போவாள் என்பது ஊர்க் கவலையாகிவிட்டது. "மருந்துக் கடையில மாத்திரை குடுப்பியா?" என்றாள் எதிர்வீட்டு ரோசி. "பித்தாளைய தங்கமாக்கச் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றான் சோடாக் கடை எத்திராஜ். அவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நிஜமான வேலை எண்ணூரில் கிடைத்தது, ஓர் உரத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பா சவரிநாதன்தான் முட்டுக்கட்டை போட்டார்.

"ஆசிட்டு மூஞ்சில தெறிச்சா இன்னா பண்ணுவ?"

ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர் ஆபத்தைப் பற்றிப் பேசுகிறார், கேளுங்கள்! கடைசியில், வீட்டு வழக்கப்படி அந்தோணியார் படத்துக்கு முன்னால் திருவுளச் சீட்டு போடுவதென்று முடிவானது. 'போ' என்று ஒன்று, 'வேணாம்' என்று ஒன்று. கிண்ணத்தில் குலுக்கி எடுப்பதுதான் சாமியின் வாக்கு.

சவரிநாதன் எடுத்துப் பிரித்தார். 'வேணாம்'. ஃப்ளோரன்ஸின் முகம் வாடியது. ஆச்சரியம் என்னவென்றால், அப்பாவின் முகமும் தொங்கிப்போனது.

"இது வெள்ளோட்டம்," என்று மறுபடி குலுக்கினார். 'வேணாம்'. மூன்றாவதும் அதே.

அம்மா சிலுவையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "சாமிகிட்டயே மங்காத்தா ஆடுறியேய்யா!"

மங்காத்தாவில் அவள் கம்மலையே தோற்ற மனிதர் அதற்கெல்லாம் அசருவாரா? "மூணு தபா ஒரே பக்கம் வுழுந்தா நாலாவது தபா மாறியே தீரும். நான் எத்தினி ஆட்டம் பாத்துகீறேன்!"

ஃப்ளோரன்ஸால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "இல்ல நைனா. முன்னாடி இன்னா வந்துச்சுன்னு சீட்டுக்கு எப்டித் தெரியும்? எப்ப எடுத்தாலும் பாதிக்குப் பாதிதான்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று அழுகை வந்தது.

சவரிநாதன் மகளைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். நாலாவது தடவையாகச் சீட்டை எடுத்தவர் அதைப் பிரிக்காமலே வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"'போ'ன்னு வந்துகீது," என்றார்.

"பிரிக்காம எப்டிய்யா தெரியும்? மீதிச் சீட்டு கீதுல்ல, அதப் பாத்தா தெரிஞ்சுபூடும்," என்று சிலுவையம்மாள் கிண்ணத்துக்குள் கையை விட்டாள்.

அவர் முந்திக்கொண்டு அதையும் வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் நீர் வர இருமியபடி, "தண்ணி குடும்மா கெமிஸ்ட்டு," என்றார்.