ஸ்ரீரங்கத்துப் பக்கெட்டில் தவளையும் தேரையும்

ஐப்பசி மழை பிடித்ததும் மதுரையிலிருந்து திருச்சிக்கு பஸ் ஏறினேன். தவளைகளின் விந்தணுவில் டிஎன்ஏவைச் சுருட்டி வைத்திருக்கும் புரதம் இனத்துக்கு இனம் மாறுகிறது. தேரையையும் வயல் தவளையையும் ஒரே இடத்தில் பிடித்து ஒப்பிடுவது என் ஆய்வு. போன மழையைக் கோட்டைவிட்டேன். இதையும் விட்டால் ஆய்வையே மூட வேண்டியதுதான்.

ஸ்ரீரங்கத்தில் அறை எடுத்தேன். வீட்டுக்காரர் பெயர், ஊர், தெரு, அப்பாவின் வேலை எல்லாம் கேட்டார். கீழே நல்ல அறைகள் காலியாக இருக்க, கொல்லைப்புற அறையைக் காட்டினார். எதற்கென்று இருவருக்கும் தெரியும்.

மண்ணச்சநல்லூர் பத்து கிலோமீட்டர்தான். நம்பர் ஒன் டோல்கேட்டில் பஸ் மாற வேண்டும். வனத்துறை அனுமதிக் கடிதம் கையில் இருந்ததால் அரிசி ஆலைக்குப் பின்னால் உள்ள வயலில் தயக்கமின்றி இறங்கினேன். தேரைகள் ஒரு துணிப்பையில், தவளைகள் இன்னொன்றில். இரண்டையும் அறையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பினால் பைகள் காலி. வீட்டுக்காரர் மாற்றுச் சாவியால் திறந்து எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் விட்டிருந்தார்.

"பைக்குள்ள துடிச்சிண்டிருந்தது, பாவம். நல்ல கிணத்து ஜலம்தான் விட்டேன்."

மிரண்ட தேரையின் தோல் விஷம் கக்கும். ஒரே தண்ணீரில் தவளை தாங்காது. மூன்று தவளைகள் செத்து மிதந்தன. நான்காவது மட்டும் காலை அசைத்தது.

பக்கெட்டோடு ஆட்டோவில் ஏறினேன்.

"என்னங்க, பிரியாணிக்கா?" என்றார் டிரைவர்.

"திருச்சி காலேஜ் லேபுக்குங்க. அழுகிப்போச்சுன்னா என் படிப்பே போச்சு."

அவர் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார். காவிரிப் பாலத்து நெரிசலில் சந்து கண்ட இடமெல்லாம் நுழைந்தார். நூற்றைம்பது ரூபாய், பேரம் பேசத் தோன்றவில்லை.

செத்துச் சிறிது நேரமே ஆகியிருந்ததால் விந்தணு தேறியது. மறுநாள் காலை, புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. தேரை ஹிஸ்டோன் என்ற புரதத்தைக் கழற்றிவிட்டுப் புரோட்டமின் என்ற வேறொன்றைப் போட்டுக்கொள்கிறது. தவளை ஹிஸ்டோனையே வைத்துக்கொள்கிறது. இதில் எது உயர்ந்தது என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே குட்டையில் குஞ்சு பொரிக்கின்றன.

அறைக்குத் திரும்பியதும் வீட்டுக்காரர் கேட்டார். "எல்லாம் பிழைச்சுதா?"

"மூணு உங்க பக்கெட்ல செத்துச்சு. மிச்சத்தை லேப்ல நான் கொன்னேன்."

அவர் முகம் வெளுத்தது. "மத்தியானத்துக்குள்ள காலி பண்ணிடுங்கோ."

அவர் இரக்கம் பொய்யில்லை. அது தவளை வரைக்கும்தான் வந்தது.

இந்த வேலையாக வருபவர்களுக்கு: தேரையைத் தனிப் பெட்டியில் வையுங்கள். அறையைப் பாலம் தாண்டித் திருச்சிப் பக்கமே எடுங்கள். லேபுக்கு நடந்தே போகலாம். கதவுக்கு உங்கள் பூட்டைப் போட்டுக்கொள்ளலாம்.