வெட்டலாமா, வேடிக்கை பார்க்கலாமா?

போன வாரம் என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கழுத்தில் ஸ்கேன். ரிப்போர்ட் வருவதற்குள், ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த குழந்தைகள் தடுப்பூசி அட்டவணை முழுவதையும் படித்து முடித்துவிட்டேன். எங்கள் ஒரே மகளுக்கு வயசு இருபத்தைந்து!

ஆறு மாதம் முன்னால் ஸ்டெல்லா கழுத்து வலி என்று டாக்டரிடம் போனாள். வலிக்குக் காரணம் தலையணைதான். ஆனால் ஸ்கேனில் தைராய்டில் ஒரு கட்டி தெரிந்தது. ஊசி குத்திப் பரிசோதித்தார்கள். புற்றுநோய்.

பட்டாணி அளவுகூட இல்லை. ஆனால் அந்த வார்த்தைக்குச் சின்னது, பெரியது உண்டா என்ன?

"முழு தைராய்டையும் எடுத்துடலாம்" என்றார் முதலில் பார்த்த சர்ஜன். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

ஸ்டெல்லா விஜயநகரில் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"குரலுக்கு ஏதாவது ஆகுமா டாக்டர்?"

"குரல் நரம்பு பக்கத்துலயே ஓடுது. ரிஸ்க் கம்மிதான்... ஆனா இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

அதோடு ஆயுசு முழுக்க தினமும் தைராய்டு மாத்திரை வேறு.

மகள் ஷீபாதான், "இன்னொரு டாக்டரையும் கேட்போம்ப்பா. டென்ஷன் மாட்கோபேடி, கவலைப்படாதீங்க" என்றாள். ஹெப்பாளில் ஐ.டி. வேலை. இந்தக் கன்னட ஊரிலேயே வளர்ந்தவள், அவள் தமிழ் பாதியில் கன்னடமாகிவிடும்.

இரண்டாவது டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். முழுசாக எடுக்கலாம். பாதி மட்டும் எடுக்கலாம். அல்லது எதையும் தொடாமல், ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துக் கவனித்து வரலாம்.

"இதுல எது உயிருக்குப் பாதுகாப்பு, டாக்டர்?" என்றேன்.

"இவங்களுக்கு இருக்கிற மாதிரி சின்னக் கட்டிக்கு, எந்த வழியில போனாலும் ஆயுசுல பெரிய வித்தியாசம் இல்ல. ஆபரேஷன்னா பெரிய செலவு, தழும்பு, மாத்திரை. காத்திருந்தா ஸ்கேன் செலவு... அப்புறம் பயம். வளர்ந்தா அப்ப எடுத்துக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் சண்டை.

"எடுத்துடலாம் ஸ்டெல்லா. கேன்சரை உள்ள வெச்சுக்கிட்டு எப்படித் தூங்கறது?"

"நான் தூங்கறேன். தூங்காதது நீங்கதான். உங்க பயத்துக்கு என் கழுத்த வெட்டணுமாங்க?"

 

காத்திருந்து பார்ப்பதென்று அவள் முடிவு செய்தாள். அந்த ஆறு மாதம் நான் பட்ட பாடு! அவள் இருமினால் எழுந்து நிற்பேன். தண்ணீர் குடித்தால் தொண்டையையே பார்ப்பேன். ஒருநாள் குரல் கரகரத்து வந்து நின்றாள். கார் சாவியை எடுத்துவிட்டேன்.

"ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே-ங்க! பிள்ளைகளோட சேர்ந்து நானும் கத்துனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

போன வாரம் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார். ஒரு தாளைத் திருப்ப இவ்வளவு நேரமா ஆகும்?

"வளரல. அதே சைஸ்தான். ஆறு மாசம் கழிச்சு வாங்க."

அப்போதுதான் கவனித்தேன் — மேஜைக்கடியில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்திருந்தாள். விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

வெளியே வந்ததும் கேட்டேன். "நீயும் பயந்தியா?"

"பின்ன? ரெண்டு பேரும் பயந்தா வீடு என்னாகும்ங்க?"

காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான். என்ன... அதற்கு மட்டும் மயக்க மருந்து கொடுப்பதில்லை!