கலஹா பஸ்ஸும் பித்தளைக் குடுவையும்

நேற்றுப் பெற்றோல் அடிக்கும் இடத்தில் ஒரு வாலிபர் என் கையில் துண்டுப் பிரசுரம் ஒன்றைத் திணித்தார். காந்த வளையமாம், மாட்டினால் பாதி பெற்றோல் மிச்சமாம். அந்த வாடையே போதும், முப்பதுகளின் பேராதனைக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு பஸ் முதலாளியிடம் நான் கிளார்க். பெரிதாக எண்ணிவிடாதீர்கள். கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதற்காகக் கிடைத்த கதிரை அது. அதற்கும் ஒரு கால் ஆட்டம்.

ஒருநாள், தம்மைத் தாமே 'புரொபெசர்' என்று அழைத்துக்கொண்ட ஒருவர் பித்தளைக் குடுவையோடு வந்தார். அதை இஞ்சினில் பூட்டினால் பெற்றோல் சூட்சும வாயுவாகி இரு மடங்கு ஓடுமாம். கலஹாவிலிருந்து பேராதனைக்குச் சோதனை ஓட்டம். நானும் போனேன், வழி நெடுக அவர் பிரசங்கம். வந்து சேர்ந்து டாங்கியில் குச்சி விட்டுப் பார்த்தால், ஊற்றியதில் பாதிக்கு மேல் மிச்சம்! முதலாளி ஹாஜியார் அம்பிட்டியக் காணியை விற்றுக் குடுவைக்கு ஏஜென்சி எடுக்கத் துணிந்துவிட்டார். சாட்சிக் கடிதம் மட்டும் நான் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

பேனாவை எடுத்தபோதுதான் அந்த ஓட்டத்தின் அமைதி உறைத்தது.

"மாரிமுத்தண்ணே, வர்றப்ப இஞ்சினை நிப்பாட்டுனீங்களா?"

டிரைவர் சிரித்தார். "இறக்கத்துல எவன்யா இஞ்சினைப் போடுவான்? எப்பவும் உருட்டித்தானே வாறோம்!"

"அப்ப நாளைக்குக் குடுவையைக் கழட்டிட்டு உருட்டுங்க."

"விஞ்ஞானத்தை அவமதிக்கிறீர்!" என்றார் புரொபெசர்.

மறுநாள் குடுவை இல்லாமல் அதே அளவு பெற்றோல், அதே வழி. குச்சியில் ஈரம் முதல் நாள் வெட்டி வைத்த குறியிலேயே நின்றது.

ஹாஜியார் என்னைத் தனியே இழுத்தார். "ஊரெல்லாம் செல்லியாச்சு, தம்பி. மொகத்த எங்க வைக்கிற? கையெழுத்தப் போடுங்க. இல்லாட்டி வேலை இல்ல."

எழுதினேன்: 'இக்குடுவையோடும் இது இல்லாமலும் பஸ் ஒரே மாதிரி இறங்குகிறது. பலாப்பழமும் இறங்கும்.' கீழே முழுப் பெயரில் கையெழுத்து.

"என்ன எழுதீக்கி?" என்று ஹாஜியார் கேட்பதற்குள் புரொபெசர் வாசித்துவிட்டு, குடுவையைக் கட்டிக்கொண்டு ரயில் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். காணி தப்பியது. என் கதிரை போயிற்று. அந்த வாசகத்தில் ஒரு எழுத்தைக்கூட இன்றும் மாற்ற மாட்டேன்.

பிரசுரத்தை வாலிபரிடமே கொடுத்தேன். "வளையத்தைக் கழட்டிட்டும் ஒருக்கா ஓடிக் காட்டுங்க, தம்பி."

இப்போது கலஹா இறக்கத்தில் யாரும் இஞ்சினை நிறுத்துவதில்லை. பிரேக்கின் முனகலும், யாரோ வெற்றிலை மெல்லும் சத்தமும் கேட்கும் அந்த அமைதி போயே போய்விட்டது. அத்தனை அமைதியிலும் இஞ்சின் ஓடவில்லை என்பது ஒருவர் காதிலும் விழவில்லை, புரொபெசரின் பிரசங்கம்தான் விழுந்தது. என் காதும் சேர்த்திதான்.