இரண்டு ஊசித் தையல்

தையல் வகுப்பு என்று நினைத்துத்தான் பதிந்தேன். சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில் நாங்கள் இருந்த கட்டடத்தின் கீழ்வாசலில் மாலை வகுப்புகளின் விளம்பரத்தை ஒட்டியிருந்தார்கள். ஜெர்மன் மொழியில் உடுப்புக்கு கிளைடர், தோலுக்கு லேடர். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்துவிட்டன. அப்போது அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை எனக்கு. ஊரில் பிளவுஸ் தைத்த கை சும்மா கிடக்கிறதே என்றுதான் போனேன்.

வகுப்பறைக் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். நீள மேசையில் ஒரு முழு மாட்டின் தோல் விரித்துக் கிடந்தது. கழுத்துப் பக்கம் சுருக்கம். கால்கள் இருந்த இடங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. விலாவில் முள்ளுக்கம்பி கீறிய தழும்பு. தோல் செருப்பும் கைப்பையும் எத்தனையோ பாவித்திருக்கிறேன், அவற்றில் ஒருநாளும் மாடு என் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. அன்று வெள்ளிக்கிழமை வேறு, நான் விரதம். பிழையான வகுப்புக்கு வந்துவிட்டேன் என்று சொல்லும் அளவுக்கு என்னிடம் ஜெர்மன் இருக்கவில்லை. என்னைவிட வயது குறைந்த சுவிஸ்காரிதான் ஆசிரியை. அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இருந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, சாமிப் படம் இருக்கிற அறைக்குள் மட்டும் அதைக் கொண்டுபோக வேண்டாம் என்றார்.

துணியில் பழகிய என் கையே எனக்கு இடைஞ்சலாக இருந்தது. துணியில் குண்டூசி குத்தி எடுத்தால் தடம் மறைந்துவிடும். தோலில் ஒவ்வொரு குத்தும் அப்படியே நின்றது. பிழையாகத் தைத்ததைப் பிரித்தால் வரிசையாக ஓட்டைகள். ஒருநாள் வீட்டில், ஒரு துண்டு சுருண்டிருக்கிறதே என்று தண்ணீர் தெளித்து, சூடான இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்தேன். கண் முன்னாலேயே அது சுருங்கி, ஓரம் மடிந்து, பொரித்த அப்பளம் போல விறைத்துப் போனது. குசினி முழுக்க மயிர் பொசுங்கிய மணம். யன்னலைத் திறந்துவிட்டு, அந்தத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு காலத்தில் உயிரோடு இருந்த ஒன்றைச் சுட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகும் விடாமல் ஒரு பை தைத்து முடித்தேன். பிளவுஸுக்குப் போடுவது போல நெருக்கமான சின்னத் தையல். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை சூரிச்சில் தமிழ்க் கடையில் சாமான் வாங்கி, பையை நிரப்பித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு வளைவில் பஸ் திரும்பியபோது தோள் திடீரென்று இலேசானது. பை காலடியில் கிடந்தது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் இருக்கைகளுக்கு அடியில் உருண்டோடின. வயதான ஒருவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தந்தார். அவருக்கு நன்றி சொல்லவும் தோன்றாமல் பையின் தோள்பட்டி நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் அறுந்திருக்கவில்லை. தபால் முத்திரைத் தாளை ஓட்டை வழியே கிழிப்பது போல, தோல்தான் கிழிந்திருந்தது.

ஆசிரியை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இவ்வளவு நெருக்கமாகக் குத்தினால் தோலை நீங்களே வெட்டி வைப்பது மாதிரித்தான் என்றாள். பட்டியை நான் வயிற்றுப் பக்கத்தில் வெட்டியிருந்ததும் பிழையாம். வயிற்றுத் தோல் இழுபடும், முதுகுத் தோல்தான் பாரம் தாங்கும். ஓட்டைகளை அளந்து, இடைவெளி விட்டு முதலே குத்திக்கொள்ளவும், ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து இரண்டு பக்கமும் இழுத்துத் தைக்கவும் காட்டினாள். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கழிவுத் துண்டுகளில் அதையே தைத்தேன். விரல் நுனிகள் காய்த்துப் போயின.

இரண்டாவது பை கதிரையில் தொங்கியபோது மேல்மாடி அக்கா தோளில் கைப்பையோடு வந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்தவர். நான் பிள்ளைப்பேற்றில் கிடந்தபோது சமைத்துத் தந்தவர். பையைத் தடவிப் பார்த்து, "நல்ல வடிவாக் கிடக்கு, எங்கை வாங்கினனீர்?" என்றார்.

"நானே தைச்சதக்கா. தோல்."

அவர் கையை எடுத்துவிட்டார். விரல்களைப் பாவாடையில் துடைத்ததையும் பார்த்தேன்.

"ஊரில இந்த வேலையை ஆர் செய்யிறவை எண்டு தெரியாதோ? வெளியில சொல்லிப்போடாதையும்."

இத்தனை கடல் தாண்டி, ஒரே அகதி முகாமில் ஒரே பானைச் சோறு தின்ற பிறகும் அது அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது. அன்று மேசையில் கிடந்த மாட்டுத் தோலைப் பார்த்துக்கூட நான் அவ்வளவு அதிர்ந்ததில்லை.

கணவர் தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "அக்கா, உங்கட தோளில கிடக்கிறதும் தோல்தானே."

அக்கா எழுந்து போனார். சில கிழமைகள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒன்றும் நடக்காதது போல வந்தார். பையைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் அவரைக் கண்டால் முன்பு போல மனம் விட்டுச் சிரிக்க எனக்கு வரவில்லை.

அக்கா எழுந்து போனதற்கு அடுத்த திங்கட்கிழமை விடிய, கணவர் தன் சாப்பாட்டுப் பெட்டியை அந்தப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். பின்னேரம் பனியில் நனைந்து வந்தார். பட்டி ஈரத்தில் கறுத்திருந்தது. பெருவிரலால் ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.