காப்புரிமைகளுக்கு உறவுமுறை சொன்ன காலம்

சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டியிருக்கும் தொழிற்பேட்டையில், கண்ணாடி பதித்த ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் அறை இருந்தது. மற்ற அறைகளில் எல்லாரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு வாய் திறக்காமல் வேலை பார்ப்பார்கள். எங்கள் அறையில் மட்டும் எப்போதும் சத்தம். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து எண்களை வாசிப்போம். "செவன், டபுள் எய்ட், த்ரீ, ட்ரிபிள் ஸீரோ" என்று ஒருவர் வாசிக்க, மற்றவர் தன் திரையில் பார்த்து "ம்" சொல்ல வேண்டும். அந்த "ம்" விழாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற பக்கத்து அறைக்காரர்கள், "இன்னா, டியூஷன் எடுத்துகினு கீறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இப்போது அந்த அறையில் ஏசியின் சத்தம்தான் கேட்கிறது. அதே நாற்காலியில்தான் இன்றும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் சில நாள் மதியத்தில், யாரோ எண்ணைப் பாதியில் நிறுத்திவிட்டு என் "ம்"முக்காகக் காத்திருப்பது போலத் தோன்றிவிடுகிறது.

நாங்கள் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒருவர் "இது என் புதுக் கண்டுபிடிப்பு" என்று காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கிறார். அப்படிக் கேட்கிறவர், தனக்கு முன்னால் இதே மாதிரி யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் காப்புரிமை அலுவலகத்துக்குத் தானே சொல்லிவிட வேண்டும். மறைத்தது பின்னால் தெரியவந்தால், கிடைத்த காப்புரிமையே செல்லாமல் போகலாம். அந்தப் பழைய காப்புரிமைகளையும் கட்டுரைகளையும் நாங்கள் ரெஃபரன்ஸ் என்போம். அங்கே இருக்கும் வக்கீல்களுக்காக, ஒவ்வொரு ரெஃபரன்ஸின் எண், தேதி, கண்டுபிடித்தவரின் பெயர் எல்லாவற்றையும் தட்டி, சரிபார்த்து அனுப்புவதுதான் வேலை.

வேலையில் சேர்ந்த புதிதில் இதை அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். செங்கல்பட்டுக்கு வெளியே, பாலாற்றுப் பக்கம் எங்கள் ஊர். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான்தான் என்பதால், நான் என்ன சொன்னாலும் அவர் கவனமாகக் கேட்பார்.

"ஒருத்தர் புதுசா ஒண்ணு கண்டுபுடிச்சேன்னு சொல்வாருப்பா. அதுக்கு முன்னாடியே வேற யாரு யாரு கண்டுபுடிச்சாங்கன்னு நாங்க எழுதித் தருவோம்."

"யாருக்கு?"

"அவருக்குத்தான்."

அப்பா கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தார். "அவனே ஆள் வெச்சி, அவன் புதுசு இல்லன்னு எழுதி வாங்கிக்கிறானா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"நல்ல மனுசனுங்கதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அதற்கப்புறம் என் வேலையைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

என்னோடு ஜோடியாக வாசித்தவர் ஒரு அக்கா. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்துக்காரர். எம்.எஸ்சி. வேதியியல் படித்தவர்; அதை வாரத்துக்கு ஒரு முறையாவது எங்களுக்கு ஞாபகப்படுத்துவார். கடைசி எண்ணை பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயரை இழுக்கிற மாதிரி இழுத்து வாசிப்பார். எனக்குக் கண் சொருகினால் வேண்டுமென்றே ஒரு எண்ணை மாற்றிச் சொல்வார். நான் "ம்" சொல்லிவிட்டால் அன்றைக்கு டீ என் கணக்கு. மீன் குழம்பு கொண்டு வருகிற நாளில், டப்பாவைத் திறப்பதற்கு முன்பே பக்கத்து மேசைக்காரர்கள் தட்டோடு வந்து நிற்பார்கள். "வந்துட்டானுங்க, மோப்பம் புடிச்சிகினு" என்று திட்டிக்கொண்டே எல்லாருக்கும் ஊற்றுவார்.

எங்களுக்கு ஷிப்ட் மதியம்தான் தொடங்கும். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் செங்கல்பட்டு போய், அங்கே பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றத்தில் மாறி, அக்கா வீடு சேரும்போது அவருடைய மகள் தூங்கியிருப்பாள். காலையில் இவர் எழுந்திருப்பதற்குள் அந்தப் பிள்ளை பால்வாடிக்குப் போயிருக்கும்; இவர் சமையலை முடித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். "என் மவ என்னிய ஞாயித்துக்கெழம வர்ற விருந்தாளின்னு நெனச்சிகினு கீது. போன வாரம் வூட்டுக்கு வந்தவங்ககிட்ட, இது ஆபீஸ் அம்மான்னு சொல்லுது" என்றார் ஒரு நாள். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டு, ஏற்கனவே வாசித்து முடித்த எண்ணையே மறுபடியும் வாசித்தார்.

வேலையின் சிக்கல் எண்களில் மட்டும் இல்லை. ஒரு கம்பெனி ஒரே கண்டுபிடிப்பைப் பல விண்ணப்பங்களாகப் போடும். ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைக்கும். அவற்றை மொத்தமாக ஃபேமிலி என்றுதான் அமெரிக்காவிலேயே சொல்கிறார்கள். ஒரு விண்ணப்பத்தில் புதிதாக ஒரு ரெஃபரன்ஸ் தெரியவந்தால், அதை அந்தக் குடும்பத்திலுள்ள மற்ற விண்ணப்பங்களிலும் கொடுக்க வேண்டும். குடும்பம் என்று அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். மீதி உறவுமுறையை நாங்கள் வைத்துக்கொண்டோம். ஒரே தாய் விண்ணப்பத்தில் பிறந்தவை பங்காளிகள். பிறப்பால் சம்பந்தமே இல்லாமல், விஷயம் மட்டும் ஒத்துப்போகிற விண்ணப்பங்கள் சம்பந்திகள். ரெஃபரன்ஸை எல்லாருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குப் பெயர், பத்திரிகை வைப்பது.

"மருந்து ஊசி அப்ளிகேஷனுக்கு ஒண்ணு வந்துகீதுடா. பங்காளிங்களுக்கு வெச்சாச்சு. வாட்டர் ஃபில்டர் சம்பந்தி, அங்க யாரு போறது?" என்று அக்கா கேட்பார்.

"நான் வெச்சிட்டேன்க்கா."

"குங்குமச் சிமிழோட?"

"சிமிழோட."

ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்தப் பகை எத்தனை வருஷம் நிற்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் வீட்டில் பார்த்துத் தெரியும். அதனால்தானோ என்னவோ, எங்கள் அறையில் எதுவும் விட்டுப்போனதில்லை.

ஒரு மழைக்காலத்தில் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீட்டில் இருந்து வந்து போகிறவர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். இந்த வேலையை மென்பொருளே செய்யப் போகிறது என்றார். ரெஃபரன்ஸை அதுவே எடுத்து, அதுவே நிரப்பி, உறவான விண்ணப்பங்களையும் அதுவே கண்டுபிடிக்கும். கொஞ்ச நாளைக்கு மனிதர்களும் மென்பொருளும் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்வோம். மென்பொருள் தப்பில்லாமல் செய்துவிட்டால் இந்த அறை கலையும். யாருக்கும் வேலை போகாது, வேறு பிரிவுகளுக்குப் போவார்கள்.

"நம்ம கேளம்பாக்கம் ஆபீஸ்ல காலை ஷிப்ட்ல ஒரு இடம் இருக்கு" என்றார் கடைசியாக. "ஆனா டிரையல் பாஸானாத்தான். இல்லன்னா இங்கேர்ந்து யாரையும் விட முடியாது. அவங்களும் ரொம்ப நாள் காத்திருக்க மாட்டாங்க."

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் வழியாக மாமல்லபுரத்துக்கு நேர் பஸ். காலை ஷிப்ட் என்றால் வெளிச்சம் இருக்கும்போதே வீடு. அக்கா கையைத் தூக்கினார். "சார், அந்த எடம் எனக்கு. இவனுங்க எவனாவது கேட்டா குழம்பு கெடையாது."

மென்பொருளுக்கு எங்கள் விதிகளைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சொந்தமாக நிரல் எழுதிப் பழகியவன் அறையில் நான் ஒருவன்தான். எனக்கு அந்த அறை கலைவதில் விருப்பமில்லை. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"ஏன்டா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற?" என்றார் அக்கா.

"இல்லக்கா, நல்லாத்தானே போயிகினு இருந்தது."

"உனக்கு நல்லாத்தான் இருக்கும். உன் வூடு பக்கத்துல கீது. மெஷின ஒழுங்கா பழக்கு தம்பி. எனக்கு என் மவ கூட பேசணும்."

அதற்கப்புறம் நான் வேறு எதுவும் யோசிக்கவில்லை. எண், தேதி, பெயர் மூன்றையும் மென்பொருள் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. பங்காளிகளும் பிரச்சினையில்லை, யாரிடமிருந்து யார் பிறந்தது என்பது விண்ணப்பத்திலேயே இருக்கும். சம்பந்திகள்தான் எங்கும் எழுதப்படாதவர்கள். நானும் அக்காவும் உட்கார்ந்து, இதற்கு இது சம்பந்தி, அதற்கு அது சம்பந்தி என்று ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்தோம். நம் வீடுகளில் உறவு சொல்வது போலவே கொடுத்தோம். இவர் யார் என்றால், அவருக்கு இவர், அவர் வழியில் எனக்கு இவர். எங்களுக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

முதல் டிரையலின் நகல் அமெரிக்க வக்கீலின் பார்வைக்குப் போனது. மறுநாள் மேனேஜர் பதிலை வாசித்துக் காட்டினார். வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்: ஊசி விண்ணப்பத்துக்கும், குழந்தைகளின் பால் பாட்டிலுக்கும், தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய்க்கும் என்ன தொடர்பு என்று விளக்க முடியுமா? இவ்வளவையும் கொண்டுபோய்க் கொட்டினால், முக்கியமான ரெஃபரன்ஸை நாம் வேண்டுமென்றே குப்பைக்குள் ஒளிக்கிறோம் என்று காப்புரிமை அலுவலகத்தில் நினைக்க மாட்டார்களா?

போய்ப் பார்த்தோம். ஊசியின் வால்வு ஃபில்டரின் வால்வு மாதிரி, அதனால் சம்பந்தி. ஃபில்டரின் மூடி பால் பாட்டிலின் மூடி மாதிரி, அதனால் சம்பந்தி. ஃபில்டருக்குக் குழாயும் சம்பந்தி. மென்பொருள் நாங்கள் சொன்ன வழியிலேயே வீடு வீடாகப் போய், சம்பந்திக்குச் சம்பந்தி, அவருக்குச் சம்பந்தி என்று ஊருக்கே பத்திரிகை வைத்துவிட்டு வந்திருந்தது.

"இன்னும் ஒரே ஒரு டிரையல்தான் தர முடியும்" என்றார் மேனேஜர். "கேளம்பாக்கத்துல வேற ஆள் கேட்க ஆரம்பிச்சிட்டாங்க."

கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அக்கா அன்றைக்கு எதையும் கிண்டல் செய்யவில்லை.

"சம்பந்தியோட நிறுத்திடலாம்க்கா. அதுக்கு மேல போகாதன்னு சொல்லிடறேன்" என்றேன்.

"அப்பிடியும் கூட்டம் கொறையாதுடா. நாமதான் பாத்ததையெல்லாம் சம்பந்தின்னு குடுத்து வெச்சிகீறோமே. மூடி ஒரே மாதிரி இருந்தா சம்பந்தியா?" டம்ளரைச் சுற்றிக்கொண்டே யோசித்தார். "எங்க குப்பத்துல யார கேட்டாலும் சொந்தம்தான். எல்லாருக்குமா தட்டு தூக்கிகினு போறோம்? நம்ம வூட்டு விசேசத்துக்கு அவங்க வந்திருக்கணும். அவங்க வூட்டுக்கு நாம போயிருக்கணும். போக்குவரத்து இருந்தாத்தான பத்திரிக."

நான் டம்ளரை வைத்தேன். "போக்குவரத்த மெஷினால பாக்க முடியும்க்கா."

முடிந்தது. இதுவரை அனுப்பியதெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. ஊசியின் ரெஃபரன்ஸ் எப்போதாவது ஃபில்டருக்குப் போயிருக்கிறதா, ஃபில்டருடையது ஊசிக்கு வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் இருந்தால் மட்டும் சம்பந்தி, அவர்களோடு நிறுத்திக்கொள். பால் பாட்டில் தானாகவே கழன்றுகொண்டது. புதிதாக வந்த விண்ணப்பங்களுக்கு மட்டும் எந்தப் போக்குவரத்தும் இருக்காதே என்று அக்கா கேட்டார். அவற்றை மஞ்சள் நிறத்தில் காட்டி, ஒரு ஆளை வைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது டிரையல் நடந்த வாரத்தில் நாங்கள் எப்போதும் போல வாசித்தோம். அக்கா எண்ணை மாற்றிச் சொல்லும் விளையாட்டை நிறுத்திவிட்டார். நாங்கள் செய்ததும் மென்பொருள் செய்ததும் ஒத்துப்போக வேண்டும். எங்கள் பக்கம் ஒரு தப்பு விழுந்தாலும் குழப்பம். அத்தனை கவனமாக நாங்கள் வாசித்ததே கிடையாது. அறை முழுக்க எண்களும் "ம்"மும்தான். வெளியே மழை. அந்த ஒரு வாரம் முடியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு இருந்தது. அக்காவுக்கு அது எப்படியாவது முடிந்தால் போதும். இரண்டு பேரும் ஒரே வரியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தோம்.

மேனேஜர் வந்து, "எதுவும் விட்டுப் போகல, கூடுதலாவும் எதுவும் போகல" என்றார்.

"ஆர்டர் என்னிக்கு சார் வரும்?" என்றார் அக்கா உடனே.

"உட்கார விடும்மா என்னை" என்று மேனேஜர் சிரித்தார்.

அறை கலைந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாடிக்குப் போனார்கள். மஞ்சள் நிறத்தில் வருவதைப் பார்க்கிற ஆளாக நான் அங்கேயே இருந்துவிட்டேன். அப்படி ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் வரும். மீதி நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே கம்பெனி பஸ்கள் வரிசை மாறுவதைப் பார்ப்பேன்.

அக்கா கேளம்பாக்கத்தில் சேர்ந்த அன்று சாயங்காலம் போன் வந்தது. காற்று இரைகிற சத்தத்தில் பேச்சே சரியாகக் கேட்கவில்லை.

"எங்கக்கா கீறீங்க?"

"கடற்கரையிலடா. வூட்டுக்குப் போயி, இவள இட்டுகினு வந்துட்டேன். இன்னும் வெளிச்சம் கீது, பாரேன்." பிறகு குரல் கொஞ்சம் விலகியது. "ஏய், மாமாகிட்ட பேசு. இன்னாது, வெக்கமா? டீச்சர பத்தி அவ்ளோ நேரம் பேசினியே, இப்ப பேசு."

பிள்ளையின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"தம்பி, இரு, தண்ணி பக்கம் ஓடுது" என்றார் அக்கா. போனை அணைக்காமலே ஓடியிருக்க வேண்டும். அலைச் சத்தமும், "நில்லுடி, துணிய நனைக்காத, நில்லு" என்று அவர் கத்துவதும், அதற்குப் பிள்ளை கெக்கெக்கென்று சிரிப்பதும் வந்துகொண்டேயிருந்தன. என் திரையில் மஞ்சளாக ஒன்று வந்து நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு, அவராக அணைக்கட்டும் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.