பச்சைக் கரைத் துணி கட்டியிருந்த கடிதங்கள்

பிள்ளைகளா, அப்பா வேலை செய்யும் ஆவணக் கூடத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் பேசினார்கள் என்று வந்து சொன்னீர்கள். வெள்ளத்தில் கலைந்துபோன கடிதங்களைப் பல்கலைக்கழகமும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மீட்டார்கள் என்று. அதில் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொன்னவன் நான்தான். நானே எழுதிவிடுகிறேன்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் காரைக்காலிலிருந்து வியட்நாமின் சைகோனுக்குக் கப்பலேறிப் போனவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அந்தக் கூடத்தில் இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு கட்டு. அந்தந்த வீட்டார் கையால் கட்டிக் கொடுத்த துணியில் பெயர்ச் சீட்டு தைத்திருக்கும். கூடத்துக்குக் காவலாளி நான்; திறப்பது, பெருக்குவது, பூட்டுவது என் வேலை.

அந்த ஐப்பசி மழையில் கூடத்துக்குள் முழங்கால் தண்ணீர். கீழ்த்தட்டுக் கட்டுகள் அத்தனையும் நனைந்துவிட்டன. குரும்பகரத்தில் நெல் காயப்போட்டு வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? வெயில் வந்ததும் கட்டுகளை அவிழ்த்து மொட்டைமாடியில் பரப்பினேன். பறக்காமலிருக்க மேலே செங்கல் துண்டுகளை வைத்தேன். நெல்லைப்போல அவ்வப்போது புரட்டிவிட்டேன். சேறு அப்பிய துணிகளைக் குப்பையில் போட்டேன். சாயங்காலம் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி அடுக்கியபோது நல்ல காரியம் செய்த திருப்திகூட இருந்தது.

மறுநாள் கூடத்தின் செயலாளர் வந்தார். "கட்டெல்லாம் எங்கப்பா? பேர்ச் சீட்டு?"

அப்போதுதான் எனக்குச் சீட்டுகளின் நினைப்பே வந்தது. குப்பை வண்டி காலையிலேயே போயிருந்தது. "தண்ணியில அவுந்து மெதந்துச்சுங்க. பொறுக்கி ஃபேன் காத்துல ஒலத்துனேன்" என்றேன்.

உறைகள் நைந்துபோய் முகவரிகள் கரைந்துவிட்டன. 'உன் வாப்பா', 'உன் அப்பா' என்று முடியும் கடிதங்களை யார் வீட்டுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கூடத்தையே மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை மாணவர்களோடு வந்தார். கடிதங்களைப் படமெடுத்து எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டார். சுவரில் ஒரு பலகை மாட்டி, யாருக்கு என்ன தெரிந்தாலும், என்ன யோசனை இருந்தாலும் எழுதி ஒட்டச் சொன்னார்.

"இது எங்களால மட்டும் முடியாதுங்க. ஊருக்குத்தான் தெரியும்."

கூடத்துக்கு எதிரிலிருக்கும் டீக்கடைக்காரர் சிரித்தார். "வாத்தியாருக்கு நாங்க பாடம் எடுக்கணுமா? அப்ப டீக்கு நீங்கதான் காசு குடுக்கணும்!"

ஆனால் அவரே முதல் சீட்டை ஒட்டினார். துபாயிலிருந்து ஒருவர் தன் தாத்தாவின் கையெழுத்தை அடையாளம் சொன்னார். நான் மட்டும் எதுவும் ஒட்டவில்லை.

அம்பகரத்தூரிலிருந்து ஒரு அம்மா வாராவாரம் பஸ் ஏறி வருவார். "தம்பி, எங் கட்டு கெடச்சுச்சா? எனக்குப் படிக்கத் தெரியாது. எங்க உம்மா தன்னோட பச்சைக் கரைச் சேலையக் கிழிச்சுக் கட்டுனது. அந்தத் துணிதான் எனக்கு அடையாளம்."

அந்தத் துணியைக் குப்பையில் போட்ட கை இது. "பாக்குறோம்மா" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தை பிறந்த பிறகு ஒருநாள் அவர் உட்கார்ந்திருக்கும்போது, மாணவி ஒருத்தி பேராசிரியையிடம் சில கடிதங்களைக் காட்டினாள். "மேடம், இந்த வட்டக் கறை மட்டும் புரியல. வெள்ளக் கறைன்னே எழுதிடவா?"

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. செங்கல் துண்டு தீர்ந்துபோய், கடைசிக் கட்டுக்கு மட்டும் பழைய இரும்பு நட்டுகளை வைத்திருந்தேன். ஈரத் தாளில் துரு இறங்கியிருக்கிறது. அந்தக் கடைசிக் கட்டுதான் பச்சைக் கரை.

"அது வெள்ளம் இல்லீங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

பேராசிரியை கையிலிருந்த கடிதத்தைக் கீழே வைத்தார். "மூணு மாசமா இதத் தப்பாத்தானே எழுதிட்டிருக்கோம்" என்றார். பிறகு ஒரு தாளை நீட்டினார். "மாடியில எந்தக் கட்டு எந்தப் பக்கம், எது முதல்ல, எது கடைசி? ஞாபகம் இருக்கிறத வரைஞ்சு குடுங்க. பலகையில நீங்க ஒட்டவேண்டியது இதுதான்."

வரைந்து கொடுத்தேன். மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கிடந்தவை வெளுப்பாகவும் வெயிலில் கிடந்தவை பழுப்பாகவும் இருந்தன. அதை வைத்துச் சில கட்டுகளைப் பிரிக்க முடிந்தது. எல்லாவற்றையும் அல்ல.

வட்டக் கறைக் கடிதங்கள் பதினொன்று. மாணவி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்ட, அந்த அம்மா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"வாப்பா எழுதுனதுதான். ஆனா நான் பொறந்தப்ப எழுதுனது ஒண்ணு உண்டு தம்பி. துணிக்கு அடியில மொத ஆளா இருக்கும். அது இதுல இல்லையே."

ஈரத்தில் அந்தத் துணியோடு ஒட்டிக்கொண்டே போயிருக்கலாம் என்றேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, குப்பை மேட்டுலயாவது தேடியிருப்பேன்ல?"

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு, ஆள் தெரியாத கடிதங்கள் இருக்கும் பெட்டியைக் கீழே இறக்கினேன். அதன் மேல் 'வெள்ளத்தில் கலைந்தவை' என்று ஒட்டியிருந்தது. முதல் சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, 'காவலாளி காயவைத்தபோது' என்று மேலே எழுதினேன். மை காயும் வரை நின்றிருந்து, பெட்டியைத் தட்டில் ஏற்றிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.